தொட்டி நிரம்பிவிடுமென்று…

2006ஆம் ஆண்டு யூலை மாதம். மொன்ட்ரியாலில், வில்லரே பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்தக் கோடையில் வீட்டுக்குள் இருக்க முடியாத வெக்கை. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தம்பி, தன்னுடைய பழைய டிரெயிலரை நாலு நாளைக்குத் தந்தான். பிள்ளைகளே, அது வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற ஒரு குட்டி வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும் வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடி, ஒரு ஏரிக்கரைக் காட்டில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினோம்.

நிறுத்தினோம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். பின்பக்கமாக உருட்டி, மரங்களுக்கு நடுவே நேராக விட எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அக்கம் பக்கத்தில் தங்கியிருந்தவர்கள் கதிரை போட்டு இருந்து பார்த்துச் சிரித்தார்கள். அந்த வெட்கம் எனக்குள் கிடந்தது.

அங்கே கரண்டும் இல்லை, குழாயும் இல்லை. கழுவுகிற தண்ணீர் டிரெயிலரின் ஒரு தொட்டியில் இருக்கும். கழிப்பறையில் போவது அடியில் வேறொரு தொட்டியில் சேரும். அது நிரம்பினால், டிரெயிலரை நாற்பது நிமிடம் இழுத்துப் போய்த்தான் ஊற்றிவிட்டு வரவேண்டும். மற்றவர்கள் கடதாசியோடு சமாளிப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு தரமும் ஒரு பெரிய பேணி தண்ணீரோடு போகிற ஆட்கள். இரண்டாம் நாள் விடியவே, கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது என்று காட்டும் விளக்கு சுவரில் எரிந்தது.

மனைவி சொன்னாள், “இஞ்சேருங்கோ, கொண்டுபோய் ஊத்திப்போட்டு வாங்கோவன்.”

திரும்பி வந்து அந்த ஆட்களுக்கு முன்னால் மறுபடி பின்பக்கமாக உருட்ட வேண்டும். நான் மாட்டேன் என்றேன். இன்னும் கொஞ்சம் கொள்ளும் என்று நினைத்து, அதற்குப் பதிலாகச் சட்டம் போட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான்.

“கப்பல் கப்டன் எண்ட நினைப்பு,” என்று மனைவி முகத்தை நெளித்தாள்.

அன்று மகள் மூன்றாம் தரம் போய்விட்டு வந்தாள். காட்டுக்குள் போகச் சொன்னால் அவளுக்கு வெட்கம். நான் பகிடியும் எரிச்சலுமாகச் சொன்னேன், “நீ குடிக்கிறதெல்லாம் அங்கைதானே போகுது. குடிச்சுக் குடிச்சுத் தொட்டியை நிரப்பிறது நீதான்.” அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

குடிக்கிற தண்ணீர் வேறாக, பெரிய போத்தல்களில் தாராளமாக இருந்தது. அதன் பிறகு கொடுக்கும்போதெல்லாம் “பேந்து குடிக்கிறன் அப்பா” என்று தள்ளிப்போட்டாள். விளையாட்டுக் கவனம் என்று விட்டுவிட்டேன். சொல் கேட்கிற பிள்ளை என்று மனைவியிடம் பெருமையாகவும் சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் ஏரிக்கரையில் சுருண்டு படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. தூக்கியபோது ஓங்காளித்தாள், ஒன்றும் வரவில்லை. டிரெயிலரை அங்கேயே கழற்றி விட்டுவிட்டு மொன்ட்ரியாலுக்கு ஓடினோம். வழியில் மனைவி அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கடைசி அரை மணித்தியாலம் பதில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, பின்னேரம் கண் திறந்தாள். தாதி பிரெஞ்சில் ஏதோ கேட்க, அவளும் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். எனக்கு அந்த மொழி அவ்வளவாக வராது. பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மனைவிக்கு விளங்கிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“தொட்டி நிரம்பீட்டுதெண்டு அப்பா சொன்னவராம். அதாலைதான் குடிக்கேல்லையாம். வந்ததையும் அடக்கிக்கொண்டு இருந்தவளாம்.”

தாதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அடக்கி வைத்ததில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்ததாம். ஐந்து நாள் அங்கே வைத்திருந்தார்கள்.

அதற்கிடையில் டிரெயிலரை எடுக்க, அந்தத் தம்பியோடு போனேன். கழிவுத் தொட்டியைத் திறந்துவிட்டபோது சளசளவென்று கொஞ்சம்தான் வந்தது. பாதித் தொட்டிகூட இல்லை.

“அந்த லைற் பழுது அண்ணை,” என்றான் அவன். “கொஞ்சம் ஈரம் பட்டாலே எரியும். சொல்ல மறந்துபோனன்.”

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விளக்கு பொய் சொன்னது உண்மை. ஆனால் நிரம்பியே இருந்தாலும், நாற்பது நிமிட ஓட்டம்தானே. நாலு பேர் சிரிப்பார்கள் என்று நான் போகவில்லை.

மகள் இப்போது சுகமாக இருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, “நான்தானே குடிக்காமல் விட்டனான்” என்று எனக்காகக் கதைத்தாள். அது இன்னும் வலித்தது. பிள்ளைகளே, பசி, தாகம், நோவு வந்தால், எந்தப் பெரியவர் என்ன சட்டம் போட்டிருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள். சொல் கேட்கிற பிள்ளை என்று பெருமைப்பட்டவன்தான் நான். இன்றைக்கு ஒரு பிள்ளை நான் சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினால், உனக்கு என்ன வேணும் என்று திரும்பக் கேட்கிறேன்.