என் முகத்தைக் காட்டப் போன நாள்

என் தலையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். வலது காதுக்குப் பின்னால் மயிரைச் சிரைத்து, எலும்பை உடைத்து, உள்ளேயிருந்து கொட்டைப்பாக்கு அளவில் ஒன்றை எடுத்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த வெள்ளைக்கார டாக்டர் சண்டைக்குப் போய்த் திரும்பியவர். குண்டுபட்ட தலைகளை வெட்டிப் பழகியவர் என்றார்கள். நான் பிழைப்பேன் என்று அவரே நம்பவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டபோது, கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஏதோ கோழி வாய் திறந்து பேசியது போல என்னைப் பார்த்தார்கள்.

பிழைத்தேன். எப்படிப் பிழைத்தேன் என்று யாரும் கேட்பதில்லை. வலது காது செத்துவிட்டது. முகத்தின் வலது பாதியும் செத்துவிட்டது. அந்தக் கண் மூடாது. படுக்கும்போது ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கஞ்சி குடித்தால் பாதி தாடையில் ஒழுகும். சோறு கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும், விரலை விட்டுத் தோண்டி எடுப்பேன். நடந்தால் பூமி ஒரு பக்கமாகச் சரியும். எங்கள் தோட்டம் இருக்கும் பசறைப் பக்கத்து மலையில் நல்ல உடம்புக்காரிகளே கூடையோடு உருளுவார்கள். நான் தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து மூன்று மாதம் நடை பழகினேன்.

லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் முதல் வாரம் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் சிரித்தார்கள். எனக்கு வலப்பக்கம் கேட்காது என்று தெரிந்ததும், கொழுந்து எடுக்கும்போது வலப்பக்க நிரையில் நின்றுகொண்டு என்னைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு கேட்காது. எதிரே நிற்பவள் சிரிப்பது தெரியும். கங்காணி கூப்பிட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். "பம்பரம் சுத்துது, பாருங்கடி" என்பான். என் புருஷன் ஒருநாள், "நீ என்னப் பாத்துச் சிரிக்காத, பயமா இருக்கு" என்றான். சிரிப்பதை விட்டுவிட்டேன். முக்காட்டை இழுத்துவிட்டு, ஒரு கண் மட்டும் தெரிய வேலை செய்தேன்.

ஒரு வருஷம் இப்படிப் போயிருக்கும். தோட்டத்து மருந்தறை ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு லயத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு என் வியாதியே வந்திருந்தது. ஒரு காதில் இரைச்சல், தள்ளாட்டம், விடிந்தால் வாந்தி, தாங்க முடியாத தலைவலி. வெட்டி எடுக்காவிட்டால் மழைக்காலம் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தாய் சம்மதிக்கவில்லை. தகப்பன் இல்லாத பெண், தாய் சரியென்றால்தான் உண்டு.

"நீ போய்ப் பேசு," என்றார் ஐயா. "கத்தி பட்டவ உசுரோட வந்து நின்னா நம்புவாங்க."

போனேன். தாய் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பெண் சாக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள். நல்ல லட்சணமான முகம்.

"உங்களுக்கு எப்படி இரைஞ்சுச்சு, அத்தை?"

"கொழுந்து அரைக்கிற மெஷின் மாதிரி."

"எனக்குக் கேத்தல்ல தண்ணி கொதிக்கிற மாதிரி. நிக்கவே நிக்காது."

"நிக்காது. படுத்தா இன்னும் கூடும்."

"ஆமா, படுத்தா கூடும்!" என்று தாயைப் பார்த்துக் கத்தினாள். "பாசாங்குன்னியே! கேட்டுக்க!"

பிறகு அவள் நிறுத்தவில்லை. எனக்கும் நிறுத்த மனமில்லை. இதைப் பேச எனக்கு அதுவரை ஆளே கிடைத்ததில்லை.

"நேரா நடக்கிறதா நெனச்சுப் போனேன் அத்தை, அடுத்த வீட்டு அடுப்படியில போய் நிக்கிறேன். அவங்க அகப்பையத் தூக்கிட்டாங்க."

"நீயாச்சும் பரவால்ல. நான் கங்காணி மேலயே போய் விழுந்தேன்."

"ஐயையோ! என்ன சொன்னாரு?"

"அடுத்த வாட்டி மெதுவா விழுடின்னான்."

அவள் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும், எனக்குத் தெரியும். வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"வெட்டும்போது தெரியுமா?"

"மூக்குல துணி வச்சு மருந்து ஊத்துவாங்க. ஒண்ணும் தெரியாது. முழிச்ச பெறகு தெரியும். பத்து நாள், செத்துப்போனாத் தேவலன்னு இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் தலைவலி இல்ல. இந்த ஒரு வருசத்துல ஒரு நாள்கூட இல்ல."

அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் வெட்டிக்கிறேம்மா," என்றாள்.

தாய் ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். "முக்காட்டை எடு," என்றாள் என்னிடம்.

மறுத்திருக்கலாம். மறைக்க என்ன இருக்கிறது என்று எடுத்தேன். லயத்துக் காமராவுக்கு ஜன்னல் இல்லை, பகலிலும் இருட்டு. அவள் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சிரி."

சிரித்தேன்.

"கண்ண மூடு."

மூடினேன். ஒன்றுதான் மூடியது.

அவள் கொள்ளியை அடுப்பில் திரும்பச் செருகினாள். "தையில எங்கண்ணன் மகனுக்குக் கட்டணும்னு பேசியிருக்கு. இந்த மூஞ்சியக் கூட்டிக்கிட்டு நான் எந்த வாசல்ல போய் நிப்பேன்?"

"உசுரு இருந்தாத்தானேக்கா கட்டுறது?"

"உனக்கு முன்னாடியே புருசன் இருந்தான், தப்பிச்ச. இவள எவன் கட்டுவான்? நாளைக்கு நான் போயிட்டா இவளுக்கு யாரு சோறு போடுவா? நீ போடுவியா?"

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. போடுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குக் கொள்ளி வெளிச்சத்தில் நின்ற ஆத்திரம். "மகளவிட மூஞ்சி பெருசா உனக்கு? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கத்தினேன்.

தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். வாசலில் விழுந்தேன். கதவு சாத்தியபோது என் இடது காது கதவுப் பக்கம் இருந்தது.

"அம்மா, எனக்கு மூஞ்சி வேணாம்மா. வலி போனாப் போதும்மா."

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "பேசத்தானே சொன்னேன், காட்டவா சொன்னேன்?" என்று திட்டினார்.

அதன்பிறகு எல்ல ஊர்ப் பக்கமிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்து, அந்தப் பெண்ணின் காதோரம் உடுக்கை அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏற்கெனவே கேத்தல் கொதிக்கும் காது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்தத் தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போய்த் தடுக்கவில்லை. மறுபடி அந்த வாசலை மிதிக்க ரோஷம் விடவில்லை. பெரிய ரோஷக்காரி நான்.

ஐப்பசி மழையில் செத்துப்போனாள். கடைசி எட்டு நாள் கண் தெரியவில்லையாம்.

கல்யாணமாகாத பெண் என்பதால் மஞ்சள் பூசி, பூ வைத்து, கல்யாணத்துக்கு எடுத்திருந்த சேலையைக் கட்டி மணப்பெண்ணாகவே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். "தூங்குற மாதிரியே இருக்கா." "ஒரு கோணல் உண்டா பாரு, ராசாத்தி மாதிரி."

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். தாய் என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மகளின் முன்னால் நிறுத்தினாள்.

"பாரு. கோணாம அனுப்புறேன். பாத்தியா?"

என்னைக் குத்த அவள் கேட்கவில்லை. என் கையை விடவில்லை. என் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் அவளுக்கு. இந்த வாயிலிருந்து வந்தால்தான் அவள் செய்தது சரியென்று ஆகும். பெண் உண்மையில் அழகாகத்தான் இருந்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பொய்யும் ஆகியிருக்காது.

"பாத்தேன்," என்றேன். "மூஞ்சி வேணாம்மா, வலி போனாப் போதும்னு உன்கிட்டக் கெஞ்சினா. வெளிய விழுந்து கெடந்த எனக்கே கேட்டுச்சு."

என் கையை விட்டுவிட்டாள். பாடையில் தூக்கும்வரை அவள் மகளின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.