டோரிஸ் அக்காவின் கைகள்

டோரிஸ் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் நான்தான் சொல்லவேண்டும். ஊரெல்லாம் கெட்டதாகச் சொன்னதும் இந்த வாய்தான்.

உலு திராமில் எங்கள் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் இருந்தார். கூலாய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். லாரி ஓட்டிய கணவர் ரோலண்ட் இறந்த பிறகு, பிள்ளை இல்லாத அந்த வீட்டில் ஊரார் பிள்ளைகள் ஐந்து பேரைப் பார்த்துக்கொண்டார். பால் போத்தல்கள் மாறிவிடாமல் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருப்பார். ஒவ்வொரு முறையும் கொதிக்கவைப்பார். பிள்ளையைத் தூக்குமுன் முழங்கைவரை சோப்பு போடுவார். இப்படித் தேய்த்தால் கைரேகை போய்விடும், ஜோசியக்காரன் எதைப் பார்ப்பான் என்று நான் கேலி செய்வேன். வேதக்காரர்களுக்கு ஜோசியம் எதற்கு என்று சிரிப்பார்.

நானும் என் கணவர் விஜயனும் சிங்கப்பூரில் வேலை பார்த்தோம். விடியுமுன் எல்லைப் பாலத்தைக் கடக்கவேண்டும். இரண்டு மாதக் குழந்தையாக இருந்த எங்கள் மகன் கவினை டோரிஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடுவோம். அவனுக்கு மஞ்சள் நூல்.

பிறந்த எழுபத்தைந்தாம் நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. பிறகு ரத்தம், காய்ச்சல், வாய்க்குள் புண், ஆசனவாயைச் சுற்றிப் புண். ஆஸ்பத்திரியில் குடலில் கிருமி என்றார்கள். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. குடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அப்போது டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் இருவரும் கல்யாணத்துக்கு முன்பே ரத்த உறவா?

இல்லை என்றேன்.

விஜயன் என் தாய்மாமன் மகன். பிறந்ததிலிருந்தே முறைப்பையன். தொழிற்சாலையில் ஒருமுறை இதைச் சொல்லப்போய், கூட வேலை செய்த பெண்கள் முகத்தைச் சுளித்தது எனக்கு மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவரை 'மாமா' என்று கூப்பிடுவதையே நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், பொய்யைத் திருத்தவில்லை. 'இல்லை' என்ற அந்த ஒரு சொல்லோடு டாக்டரின் விசாரணை முடிந்தது. கவின் ஏழாம் மாதத்தில் போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் இரண்டாவது மாடிக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. வாசல்கள் எல்லாம் திறந்து ஆட்கள் பார்க்க, டோரிஸ் அக்காவிடம் சொன்னேன்: "உன் அழுக்குக் கையாலதான் என் பிள்ளை செத்தான்."

அவர் தன் கைகளைக் குனிந்து பார்த்தார். ஒரே வாரத்தில் மற்ற நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாதத்தில் வீடும் பூட்டிக்கிடந்தது. அதைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆறுதலாகத்தான் இருந்தது.

நாலு வருடம் கழித்து மித்ரா பிறந்தாள். வேலையை விட்டேன். தாய்ப்பால் மட்டும்தான். என்னைப் பெற்ற தாயைக்கூட அவளைத் தொடவிடவில்லை. அறுபத்தெட்டாம் நாள் துணியை மாற்றும்போது அதே இடத்தில் அதே புண். தொட்டிலில் அழுதது மித்ரா. என் காதில் விழுந்தது கவினின் அழுகை. அவன் எங்கேயும் போகவில்லை, இந்த வீட்டிலேயேதான் இருந்திருக்கிறான் என்று தோன்றியது. இன்றும் சில சமயம் தோன்றுகிறது.

மருந்தும் ஊசியுமாக அவளோடு நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தோம். போன வருடம் கோலாலம்பூரில் ஒரு டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் விஜயன் முந்திக்கொண்டார்: "இவ என் அத்தை பொண்ணு, டாக்டர்."

ரத்தம் எடுத்து மரபணுவைச் சோதித்தார்கள். முடிவைச் சொல்லும்போது டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கிருமியோடு சண்டை போடும் உடம்புக்கு, போதும் நிறுத்து என்று ஒரு கட்டளை வரும். அதைக் கேட்கும் காது மித்ராவின் குடலுக்குப் பிறவியிலேயே இல்லை. அதனால் குடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்கிறது. பழுதான மரபணு என்னிடம் ஒன்று, விஜயனிடம் ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போனால் இப்படி. எங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டி வழியில் வந்திருக்கலாம் என்றார். பழைய ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருந்த கவினின் குடல் துணுக்கையும் வரவழைத்துச் சோதித்தார்கள். அதே பழுது. எந்தப் போத்தலாலும் வருகிற நோய் இல்லை.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் கவின் பிழைத்திருப்பானா தெரியாது. டோரிஸ் அக்கா பிழைத்திருப்பார்.

அவர் போய்வந்த தேவாலயத்தில் விசாரித்தேன். தங்காக்கில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாராம். போனில் சொல்லிவிடு என்றார் விஜயன். "திட்டினது நேர்ல, மாமா," என்றேன். ஆனால் போகத்தான் தைரியம் வரவில்லை. மூன்று மாதம் ஒத்திப்போட்டேன். விஜயனின் எலும்பு மஜ்ஜையை மித்ராவுக்கு ஏற்றுவதென்று முடிவாகி, அதற்காகக் கோலாலம்பூர் புறப்பட்ட அன்றுதான் வழியில் தங்காக்கில் இறங்கினோம். மித்ரா தேறுவாளா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அதற்குமேல் ஒத்திப்போட எனக்குப் பயமாக இருந்தது.

கடையில் இருந்த பெண் என்னை உள்ளே அனுப்பினாள். டோரிஸ் அக்காவின் விரல் வெடிப்பில் பட்டு இழை மாட்டுகிறதென்று அவரைப் பருத்தித் துணிப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். ஓயாமல் கை கழுவுகிறார் என்று அந்தப் பெண் குறைப்பட்டுக்கொண்டாள்.

டோரிஸ் அக்கா என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். டாக்டரிடம் நான் சொன்ன பொய், மரபணு, கவினின் துணுக்கு என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். காலில் விழப்போனேன். அவர் நகர்ந்துகொண்டார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்த போத்தல் சுத்தமாத்தான் இருந்துச்சா?"

"சுத்தமாத்தான் இருந்துச்சுக்கா."

"ஒரு புதன்கிழமை காஸ் தீர்ந்துபோச்சு. கொதிக்க வைக்காம, பிளாஸ்க்ல இருந்த சுடுதண்ணிய ஊத்திக் கழுவினேன். அன்னைக்குத்தான்னு நெனச்சுக்கிட்டேன். ஆறு வருஷமா சாமியார்கிட்ட அதைத்தான் பாவசங்கீர்த்தனம் பண்றேன்."

என் தோளிலிருந்த மித்ரா எதையும் அறியாமல் அவரிடம் தாவக் கை நீட்டினாள். டோரிஸ் அக்காவின் கைகள் முன்னால் வந்தன, பாதியில் நின்றன. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனார்.

குழாய்ச் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. நாலு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்று வெளியே காத்திருந்த விஜயன் வந்து நினைவூட்டினார். நான் மித்ராவோடு உள்ளே போய்ப் பார்த்தேன். முழங்கைவரை நுரை. வெடிப்புகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"போதும்க்கா. சுத்தமாத்தான் இருக்கு," என்றேன்.

அவர் திரும்பவில்லை. "இன்னும் ஒரு தடவை மா," என்று மறுபடி சோப்பை எடுத்தார்.