எல்லை தாண்டிய விடைத்தாள்

ஆறாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கியது பதினொரு மார்க். அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார் டீச்சர். நான் விடைத்தாளைச் சுருட்டி, மீன் செதிலோடு குப்பைப் பையில் திணித்தேன். மறுநாள் காலை குப்பை எடுக்கும் சேச்சி அதை வாங்கிக்கொண்டு போனாள். மட்டாஞ்சேரியைத் தாண்டினால் குப்பை எங்கே போகிறது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. போனால் சரி.

இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தேன். மாணவர் சமரம், அதாவது வேலைநிறுத்தம், என்று பள்ளி மூடிய ஒரு நாள், பொள்ளாச்சியிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பும் மாடுகளும் வைத்திருப்பவள். பையிலிருந்து, கழுவிக் காயவைத்த ஒரு தாளை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். என் பெயர், பள்ளியின் பெயர், சிவப்பு மையில் பதினொன்று. எதுவும் அழிந்திருக்கவில்லை.

"பதினொண்ணா?" என்றார் அப்பா.

"மார்க்க அப்பறம் பாருடா. இது எங்க கெடந்துச்சுன்னு கேளு. உங்கூரு லாரி எங்க தோப்போரம் கொட்டிட்டுப் போயிருச்சு."

அங்கே புகார் சொன்னால், லாரி கேரளத்துடையது என்கிறார்களாம். அதனால் இங்கேயே கேட்க வந்திருந்தாள். சாட்சி நான்.

மாநகராட்சி அலுவலகத்தில் இருந்த சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொட்டியது தமிழ்நாட்டிலல்லே சேச்சி? அவிடெப் பறயணம்." அங்கே போய்த்தான் சொல்ல வேண்டுமாம்.

அத்தை நகரவில்லை. "பேப்பரு இந்தப் புள்ளையோடதுதானுங்களே? சொல்லு கண்ணு."

"என்டெயாணு சார்."

"இந்தப் பதினொண்ணும்?" என்றார் சார்.

"அதும்."

அந்த அறையே சிரித்தது. சிரித்துவிட்ட பிறகு சாருக்கு எங்களை விரட்ட மனம் வரவில்லை. விடைத்தாளைச் சாட்சியமாக வாங்கி வைத்துக்கொண்டு, புகாரை மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னார். தாள் சர்க்காரிடம் இருக்கிறது என்று நான் சொன்னதை டீச்சர் கடைசிவரை நம்பவில்லை. அந்த லாரி மட்டும் அதன் பிறகு அத்தையின் தோப்புப் பக்கம் வரவில்லை. வேறு யார் தோப்புக்குப் போனதோ!

அத்தைக்கு மலையாளம் தெரியாது. எனக்கோ தமிழைவிட மலையாளம்தான் நன்றாக எழுத வரும். அன்று அவள் சொல்லச் சொல்ல, அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து புகாரை எழுதினேன். முடிக்கும் நேரத்தில், "பிளாஸ்டிக்கத் தின்னு எங்க செவல செத்துப்போச்சு. அதையும் எழுது கண்ணு" என்றாள். செவலை என்பது பசு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிழையில்லாமல் எழுதி, அடிக்கோடும் போட்டேன். அத்தை அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். என் கையெழுத்து அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.