மறக்கிறவனுக்காக வரைந்தவர்

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான். பெற்றோல் விலை ஏறும் என்று சொன்னேன், ஏறியது. சிட்னித் தெருக்களில் பால் வண்டி மின்சாரப் பற்றரியில் ஓடும் என்று சொன்னேன், ஓடுகிறது. திருமதி எஸ்தர் மாணிக்கம் இந்த நாட்டில் பெரிய ஆளாய் வருவார் என்று, அவரைக் கண்ட முதற் கிழமையே சொன்னேன், வந்தார். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் டூங்கபி வீட்டுக் குசினியில் ரெலிபோன் அடித்தபோதும், எடுக்க முன்னமே சொன்னேன்: "பூமணி, இது மெல்பேர்ண் கோல். நல்லதுக்கில்லை."

என் மனைவி எடுத்துக் கேட்டாள். பிறகு ரெலிபோனை என் கையில் தந்துவிட்டு, அடுப்பை நிறுத்தினாள்.

மறுமுனையில் எஸ்தரின் கணவர் மாணிக்கம். "அண்ணே, காலையில போயிட்டாங்க," என்றார். "யார் யாருக்குச் சொல்லணும்னு அவங்களே எழுதி குளிர்ப்பெட்டியில ஒட்டி வச்சிருக்காங்க. நான் பதட்டத்துல யாரையாவது மறந்துடுவேனாம். உங்க பேருதான் முதல்ல இருக்கு."

முப்பத்தாறு வயது. நோய் வந்து ஒரு வருடம். தம்முடைய சாவிலும் மற்றவருடைய மறதியை எண்ணி முன்னேற்பாடு செய்தவர் அவர். அவரை அறிந்தவர்களுக்கு இது புதுமையில்லை. அறியாதவர்களுக்காகத்தான் நான் பேனாவை எடுத்தேன். எங்கள் தமிழ்ச் சங்க மலரில் எழுதப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் எஸ்தரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை.

அவர் மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர். மாணவியாகச் சிட்னிக்கு வந்து, பொருள்களை வடிவமைக்கும் படிப்பை முடித்து, பரமட்டாவுக்கு அப்பால் இருந்த எங்கள் பற்றரித் தொழிற்சாலையின் வரைபட அறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆயிரம் ஆண்கள் வேலை செய்த இடம் அது. சரி, இருநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபட அறையில் பெண் அவர் ஒருவர்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அங்கே ஒன்றும் மீதமிருக்கவில்லை. கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்து, உலகத்தின் எல்லாத் துறைமுகங்களையும் கண்டு, கடைசியில் இங்கே இறங்கித் தங்கினேன். தொழிற்சாலையில் பற்றரிகளுக்கு மின்னேற்றும் கொட்டகை என் பொறுப்பு. சிட்னிக்கு வெளிச்சம் தருவது நான்தான் என்று ஊருக்குக் கடிதம் எழுதியதும் உண்டு.

ஒருநாள் வெள்ளைக் கோட்டுடன் ஒரு பெண் கொட்டகைக்குள் வந்து, தமிழில் கேட்டார்: "அண்ணே, ஒரு பற்றரி தூக்கிக் காட்டுறீங்களா? சும்மா பார்க்கணும்."

"எவ்வளவு பாரமான பற்றரி வேணும் தங்கச்சி? எனக்கு எல்லாம் ஒண்டுதான்," என்றேன்.

"சொல்லாதீங்க அண்ணே, தூக்குங்க லா," என்றார் மலேசியப் பேச்சில்.

தூக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை கடதாசி மட்டையில் ஒரு கைப்பிடி செய்து கொண்டுவந்தார். மறுபடி தூக்கச் சொன்னார். அந்த மட்டை கிழிந்தது. இன்னொன்று கொண்டுவந்தார். ஒன்பதாவது கைப்பிடியில் என் சுண்டுவிரல் வலிக்கவில்லை. அந்த ஒன்பதாவதுதான் இன்றைக்கும் எங்கள் தொழிற்சாலையின் எல்லாப் பற்றரிகளிலும் இருக்கிறது. என் சுண்டுவிரலுக்கு அளவெடுத்துச் செய்த கைப்பிடியை இப்போது ஆஸ்திரேலியா முழுவதும் தூக்குகிறது என்று நான் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இப்படித்தான் பழக்கமாயிற்று. மத்தியானத்தில் அவர் தம் சாப்பாட்டுப் பெட்டியுடன் கொட்டகைக்கு வந்துவிடுவார். மேலே வரைபட அறையில் அவருடன் இருந்து சாப்பிட யாரும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, நானே அறிந்துகொண்டேன். ஒருநாள் நான் பெருமையாகச் சொன்னேன்: "தங்கச்சி, நான் பற்றரியிலை காதை வைச்சுக் கேட்டே எவ்வளவு ஏறியிருக்கெண்டு சொல்லிப்போடுவன்."

"அப்படியா? இது எவ்வளவு?"

காதை வைத்தேன். கண்ணை மூடினேன். "முக்கால்வாசி."

அவர் ஏற்றம் அளக்கும் கண்ணாடிக் குழாயை அமிலத்துக்குள் விட்டு, ரப்பர் குமிழால் உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே மிதப்பு அடியில் கிடந்தது. "அண்ணே, இது காலி. அது உங்க வயித்துச் சத்தம். முதல்ல சாப்பிடுங்க."

அன்றைக்குத்தான் அவர் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். "பற்றரி எதையும் உண்டாக்காதுண்ணே. குடுத்ததை வச்சிருந்து திருப்பித் தரும். அதுவும் முழுசாத் தராது, கொஞ்சம் குறைச்சுத்தான் தரும். ஆனா வேணுங்கிற நேரத்துல தரும். அதுதான் அதோட பெருமை." இதைக் கேட்டவுடன் நான், "இது எனக்குக் கப்பலிலேயே தெரியும்" என்று சொல்லிவிட்டேன். தெரியாது. ஆனால் மறக்கவில்லை.

பெற்றோல் விலை ஏறிய காலம் வந்தது. சந்திக்குச் சந்தி ஆட்கள் அதைத்தான் கதைத்தார்கள். எங்கள் கொம்பனி பற்றரியை மட்டும் விற்றால் போதாது, பற்றரியில் ஓடும் ஒரு வண்டியையே செய்து விற்க வேண்டும் என்று தீர்மானித்தது. விடியற்காலையில் வீடு வீடாய்ப் பால் கொடுக்கும் வண்டி: சத்தமில்லை, புகையில்லை, நின்று நின்று போனாலும் எரிபொருள் வீணில்லை. வரைபடம் எஸ்தருடையது. அவருடைய பெரிய யோசனை என்னவென்றால், பற்றரி இறங்கிவிட்டால் வண்டி காத்திருக்க வேண்டியதில்லை. சில்லுப் பூட்டி உருட்டும் ஒரு மேசையை வண்டியோடு ஒட்டி நிறுத்தி, பற்றரிப் பெட்டியைத் தண்டவாளத்தில் இழுப்பதுபோல் அதன்மேல் இழுத்தெடுத்து, ஏறிய பெட்டியை உள்ளே தள்ளவேண்டும். ஐந்து நிமிடம். மேசை நகராமலிருக்க அதை வண்டியோடு பிணைக்க ஒரு கொளுக்கி இருந்தது.

அந்தக் கொளுக்கியைப் பற்றித்தான் நான் முன்கூட்டியே சொன்னேன். தேநீர் நேரம். கையில் கோப்பை. கொளுக்கியை விரலால் சுண்டி, "தங்கச்சி, இதை நம்பாதையுங்கோ. ஒருநாள் ஆரோ ஒருத்தன் கொளுவ மறப்பான். அண்டைக்குக் கதை முடிஞ்சுது," என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்து யோசித்தார். இந்தக் கதையை இங்குள்ள பலர் என் வாயால் பலமுறை கேட்டிருப்பீர்கள்.

மூன்று கிழமை கழித்துப் பால் கொம்பனிக்காரர் வண்டியைப் பார்க்க வந்தார்கள். பெட்டியை மாற்றிக்காட்டும் வேலை என்னுடையது. அந்த நாள் எனக்கு இன்னொரு வகையிலும் முக்கியமானது. பூமணியும் எங்கள் மகள் வதனியும் அப்போது ஊரில். அவர்களை அழைக்க வேண்டுமானால், எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று கொம்பனி ஒரு கடிதம் தரவேண்டும். அது தட்டச்சாகி மனேஜரின் மேசையில் கிடந்ததை அன்று காலை என் கண்ணால் பார்த்தேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வதனிக்கு அப்போது ஆறு வயது. நான் புறப்பட்டபோது அவள் பிறந்திருக்கவில்லை.

பெட்டியை இழுத்தேன். பாதி வெளியே வந்ததும் மேசை மெல்லப் பின்னால் உருண்டது. பெட்டி இரண்டுக்கும் இடையில் தலைகுப்புற விழுந்தது. அமிலம் தரையில் ஓடியது. வந்தவர்களில் ஒருவருடைய சப்பாத்து புகைந்தது. நான் அமிலத்தை முறிக்கும் சோடாத்தூள் வாளியைத் தூக்கி அவருடைய காலில் கொட்டினேன், முழங்கால்வரை கொட்டினேன். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

மனேஜரின் அறையில் நாங்கள் நான்குபேர். மனேஜர், எங்களை மேற்பார்க்கும் போர்மன் மிக், எஸ்தர், நான். பேசியது ஆங்கிலம், நான் என் தமிழில் தருகிறேன். மிக் சொன்னார்: "கொளுக்கி கொளுவேல்லை. ஆளை இண்டைக்கே அனுப்புங்கோ."

என் கண் மேசையில் கிடந்த கடிதத்தில் இருந்தது.

எஸ்தர் எழுந்து நின்றார். "இவர் மூன்று கிழமைக்கு முன்னமே என்னிடம் சொன்னவர். அந்தக் கொளுக்கியை நம்பாதே, யாராவது மறப்பார்கள் என்று சொன்னவர். நான்தான் கேட்கவில்லை. வரைபடம் என்னுடையது. பிழையும் என்னுடையது."

மனேஜர் என்னைப் பார்த்தார். "உண்மைதானோ?"

"யெஸ் சேர்," என்றேன்.

அவர் கடிதத்தைத் தம் பக்கம் இழுத்தார். பிறகு மிக்கைப் பார்த்து, "முன்கூட்டியே எச்சரித்தவனை எப்படி அனுப்புவது?" என்றார். பேனாவை எடுத்துக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். அதே பேனாவால் இன்னொரு தாளிலும் ஏதோ எழுதினார். அந்த மாதம் எஸ்தர் வரைபட அறையின் இரண்டாம் பொறுப்புக்கு உயர இருந்தார். அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார்.

எஸ்தர் முகம் சுளிக்கவில்லை. கொளுக்கியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாய் வரைந்தார். மேசை வண்டியில் முட்டினால் ஒரு நாக்கு தானாய் விழுந்து பூட்டிக்கொள்ளும். அது விழாதவரை பெட்டி அசையாது. ஆளுக்கு ஞாபகம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பால் கொம்பனிக்காரர் திரும்பி வந்தார்கள், அந்தச் சப்பாத்துக்காரர் உட்பட. வண்டியை வாங்கினார்கள். வரைபடத்தின் மூலையில் புதிய பொறுப்பாளரின் பெயர் இருந்தது.

பூமணியும் வதனியும் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு என்னைக் காரில் கொண்டுபோனவர் எஸ்தர்தான். வதனி என்னைப் பார்த்துப் பயந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாக்கிட்ட போம்மா, அவர் கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவாரு, கடிக்க மாட்டாரு," என்றார்.

பிறகு திருமணமாகி மெல்பேர்ணுக்குப் போனார். அங்கே ஒரு சிறிய கொம்பனி அவரையே தலைமை வடிவமைப்பாளராக்கியது. வெயிலைச் சேர்த்துவைத்து வெந்நீர் தரும் கருவி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். நோய் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் சிட்னிக்கு வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு விருந்தினர். நான் வழமைபோல் கொளுக்கிக் கதையைத் தொடங்கிவிட்டேன். தேநீர்க் கோப்பை, விரலால் சுண்டியது, ஒன்றும் விடவில்லை. ஒருவர் கேலியாக எஸ்தரைக் கேட்டார்: "உண்மையோ அக்கா, இல்லாட்டி இவரின்ரை வழமையான புளுகோ?"

எஸ்தர் புட்டைப் பிசைவதை நிறுத்தாமல் சொன்னார்: "ஆமா, அண்ணன்தான் சொன்னாரு. நான்தான் கேக்கல."

பூமணியின் முகத்தில் அன்று வந்த பெருமையை நான் பார்த்தேன். அதனால் இதற்குமேல் எழுதுவது கடினமாக இருக்கிறது. இதை முதலில் வாசிக்கப்போவதும் அவள்தான்.

அந்தத் தேநீர் நேரம் நடக்கவேயில்லை. கொளுக்கியைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொளுவ மறந்தவன் நான். கையெட்டும் தூரத்தில்தான் அது தொங்கியது. பால் கொம்பனிக்காரர் ஐந்துபேருக்கு முன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கடிதத்தை நினைத்துக்கொண்டு, மறந்துவிட்டேன்.

மனேஜரின் அறையைவிட்டு வெளியே வந்ததும் நான் கேட்டேன்: "தங்கச்சி, ஏன் அப்பிடிப் பொய் சொன்னனீங்கள்?"

"எது பொய்? மறக்கிற மனுஷனுக்காகத்தான் வரையணும். ஞாபகமா இருக்கிறவனுக்கு என் படமே தேவையில்லை. அப்படி நான் வரையல, அதனால பிழை என்னோடதுதான். நீங்க முன்னாடியே சொன்னீங்கங்கிறது மட்டுந்தான் பொய்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "அதை நீங்களே வச்சுக்குங்கண்ணே. என்னைவிட நல்லாச் சொல்வீங்க."

நன்றாகவே சொன்னேன். இத்தனை வருடம் வைத்திருந்து இன்று திருப்பித் தருகிறேன். பெற்றதைவிடக் குறைவாகத்தான் தருகிறேன் என்பது தெரியும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போய் மேசையை வண்டியோடு முட்டவைத்தேன். என் நினைவெல்லாம் மெல்பேர்ணில். கை எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாது. 'டக்' என்று நாக்கு தானாய் விழுந்து பூட்டிக்கொண்டது.

போயிட்டு வாங்கோ, தங்கச்சி.