வாப்பாவின் கிங்கோக் குளிசைகள்

வாப்பாவுக்கு மறதி தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அவர் தாவரவியல் படிப்பித்தார். முதலில் பிள்ளைகளின் பெயர்கள் போயின. பிறகு ஒருநாள், சந்தையிலிருந்து வரும்போது எங்கள் ஊர் சாய்ந்தமருதில் இறங்க வேண்டியவர், நிந்தவூர் வரை பஸ்ஸில் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வீதியோரம் நின்றார். பழைய மாணவர் ஒருவர்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்.

கப்பலில் வேலை செய்த மாமா ஜேர்மனியிலிருந்து ஒரு போத்தல் குளிசை அனுப்பினார். கிங்கோ என்ற மரத்தின் இலையிலிருந்து எடுத்த மருந்தாம். மூளைக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டும், ஞாபகத்துக்கு நல்லது என்று அங்கே டாக்டர்மார் எழுதிக் கொடுக்கிறார்களாம். கடிதத்துக்குள், தெருவில் பொறுக்கிய மஞ்சள் இலை ஒன்றும் இருந்தது.

அந்த இலையைக் கண்டதும் வாப்பா பழைய வாப்பாவானார். விசிறி போலிருந்த அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இஞ்ச பாரு மகள், நடு நரம்பே இல்ல. ஒவ்வொரு நரம்பும் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சி போகுது."

ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்றார். பழம்போலத் தெரிவது பழமல்ல, நாறும் சதை மூடிய விதை என்றார். அதன் இனமெல்லாம் மண்ணுக்குள் கல்லாகிப்போக, இது ஒன்றுதான் உலகத்தில் மிச்சம் என்றார். ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. உம்மா அடுப்படிக்குள் போய் அழுதார்.

நாளுக்கு மூன்று குளிசை. ஒவ்வொன்றுக்கும் வாப்பா கலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

அந்த வருடம் எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. வாய்ப்பாடு மனதில் நிற்கவே இல்லை. ஞாபகத்துக்கு மருந்தோ வீட்டிலேயே இருந்தது. உம்மா கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து, காலைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குளிசைகளை விழுங்கினேன்.

போத்தல் காலியான அன்று வாப்பா கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"போத்தல்ல எழுதியிருக்கிற கணக்குக்குப் பன்னிரண்டு குறையுது. இன்னும் நாலு நாளைக்கு இருக்கோணும்."

உம்மா களைத்துப்போயிருந்தார். "மறந்துபோய் ரெண்டாந்தரமும் போட்டிருப்பீங்க."

"இல்ல. போட்ட ஒவ்வொண்டுக்கும் கோடு இருக்கு."

"கோடு போடவும் மறந்திருப்பீங்க."

வாப்பா என் பக்கம் திரும்பினார். "நீ கண்டியா மகள், நான் ரெண்டு தரம் போட்டத?"

"ஓம் வாப்பா," என்றேன். "ஒருநாள் கண்ட நான்."

அவர் கோடுகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். பாதியில் விரல் நின்றது.

"அப்ப, நான்தான்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் அடித்துச் சொல்லவில்லை. சாப்பிட்டாரா என்று கேட்டால் உம்மாவின் முகத்தைப் பார்ப்பார். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று என்னிடம் கேட்பார். அந்த மாதமே வேலையை விட்டார். மாமா அனுப்பிய அடுத்த போத்தலைத் திறக்கவும் விடவில்லை. "எத்தனை போட்டனெண்டு எனக்குத் தெரியாம நஞ்சாப் போயிடும்," என்றார்.

நான் பரீட்சையில் சித்தியடையவில்லை.

அந்த இலையால் அந்த நோயைத் தடுக்க முடியாது என்று வளர்ந்தபின் படித்தேன். அதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை. "நான்தான்" என்று அவர் சொன்னபோது எனக்கு வந்தது, அடி விழாது என்ற நிம்மதி மட்டும்தான். அவருடைய எண்ணிக்கை சரி என்றும், தன் ஞாபகத்தை நம்பி அவர் கடைசியாகப் பேசியது அன்றுதான் என்றும் எனக்கு விளங்கியபோது, மன்னிப்புக் கேட்க அவர் முன்னால் போய் நின்றேன். "நீங்க யார்ர மகள்?" என்று மரியாதையாகக் கேட்டார்.