எல்லோரும் சாக்ஸைக் கழற்றுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மலையேறும் கூட்டத்தில் அவளுக்கு "நிறுத்தக்கா" என்று பெயர். பின்னே என்ன? ஏறத் தொடங்கி, உடம்பு சூடாகி, எல்லோரும் வேகம் பிடிக்கிற நேரம் பார்த்து, "நிறுத்துங்க, எல்லாரும் சாக்ஸைக் கழட்டுங்க" என்பாள். முன்னால் போகிறவர்களுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். வரட்டும். பாறையில் வரிசையாக உட்கார்ந்து பாதத்தைக் காட்டிய பிறகுதான் அடுத்த அடி.

வாரம் முழுக்க அவளுக்குத் திரைச்சீலை தைக்கும் பட்டறையில் வேலை. துணியில் எங்கே சுருக்கம் விழும் என்று பார்த்துப் பழகிய கண் அது. சாக்ஸில் விழுந்த மடிப்பு அதனிடமிருந்து தப்பவே தப்பாது. ஒவ்வொருவர் குதிகாலையும் கட்டைவிரலால் தடவி ஒரே கேள்வி கேட்பாள்: "எரியுதா?" லேசாக என்று சொன்னால் போதும், காலைத் துடைத்து, சுருக்கமில்லாமல் டேப் ஒட்டிவிடுவாள். எரிகிறபோதே ஒட்டிவிட்டால் பெரும்பாலும் கொப்புளம் வராது. வந்துவிட்ட கொப்புளத்தை யாராவது ஊசியால் குத்தப் போனால் கையைத் தட்டிவிடுவாள்.

"மேல் தோல் மூடியிருக்கற வரைக்கும் அதுதான் மருந்து. கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

கால் பிசகினாலும் அப்படித்தான். வீறாப்பாக நொண்டிக்கொண்டு நடக்க விடமாட்டாள். உட்காரவைத்து, கட்டுத் துணி சுற்றி, ஓடைத் தண்ணீரில் நனைத்த துண்டைப் போட்டு, காலைப் பையின்மேல் தூக்கி வைத்த பிறகுதான் மறுபேச்சு. "ஒண்ணுமில்லக்கா" என்று மட்டும் அவளிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஆனால் பாருங்கள், அந்த வரிசையில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எரிகிறதா என்று தன் காலை மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். இல்லை. அவ்வளவுதான், ஆராய்ச்சி முடிந்தது. "என்னோடது கல்லுக் கால்" என்று பெருமை வேறு.

சில வருஷமாக அவளுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், புண் வந்தால் மலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலித்தால் தெரியாதா என்று இவள் இருந்துவிட்டாள். ஊரார் காலெல்லாம் பார்ப்பவளுக்குத் தன் காலைப் பார்க்க மட்டும் நேரமில்லை.

அவள் கணவர் பஸ் டிரைவர். மலையை நினைத்தாலே அவருக்கு மூச்சு வாங்கும். டாக்டர் சொன்னதைக் காட்டி, போதும், மலையை விட்டுவிடு என்று அவர் நச்சரிக்க, இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, வீட்டில் பேச்சே குறைந்துபோனது. பட்டறையில் குனிந்த தலை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நிமிர்கிறது என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? கடைசியில் அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"ஒரு நாள் நீங்களும் வந்து பாருங்க. என் கால்ல ஒரு கீறல் இருந்தாலும் நானே மலைய விட்டுடறேன். இல்லேன்னா இந்தப் பேச்ச மறுபடி எடுக்கக் கூடாது."

"சொன்ன சொல் மாற மாட்டியே?"

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

வந்தார். வழி நெடுக இரைத்துக்கொண்டே வந்தார். வழக்கமான பாறையில் அவருக்கும் குதிகாலில் டேப் ஒட்டிவிட்டாள். காலை இழுத்துக்கொண்டவர், "இப்ப நீ காட்டு" என்றார். அக்கா மாட்டிக்கொண்டார் என்று எல்லோருக்கும் ஒரே குஷி. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

உள்ளேயிருந்து ஒரு கூழாங்கல் உருண்டு விழுந்தது. சாக்ஸின் குதிகால் பக்கம் ஈரமாகக் கறுத்திருந்தது.

"சேறா இருக்கும்" என்றாள்.

அவர் சாக்ஸை மெல்ல உரித்தார். தோல் வழன்று சதை தெரிந்தது. ஓரம் தடித்துப் பழசாகியிருந்தது. இன்று வந்த புண் இல்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். பாட்டில் தண்ணீரால் புண்ணைக் கழுவி, அவளுடைய முதலுதவிப் பெட்டியிலிருந்தே சுத்தமான பஞ்சுத் துணியை எடுத்து வைத்தார்.

"கண்ண மூடிக்க. நான் எங்க தொடறேன்னு சொல்லு."

மூடிக்கொண்டாள். காத்திருந்தாள்.

"சீக்கிரம் தொடுங்க. இப்படியே உக்காந்திருந்தா மலை உச்சிக்கு எப்பப் போறது?"

கண்ணைத் திறந்தாள். அவளுடைய பெருவிரலை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஒரு தடவையாவது வலிச்சிருக்கக் கூடாதா" என்றாள். அத்தனை பேர் முன்னாலும் அழுகை வந்துவிட்டது.

கூட்டத்தில் ஒருவர் அடிவாரத்துக்குப் போன் போட்டு ஜீப்பை வரச் சொன்னார். கணவர் குனிந்து, பழக்கமில்லாத கையால் கட்டுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"இறுக்கமா இருக்கா?"

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலைங்க. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."