கம்ஃபியாக ஒரு கல்யாண ஜாக்கெட்

தையல்காரிக்கு வரும் புகார் ரெண்டே வகை: இறுக்கிப் பிடிக்குது, தொங்குது. தக்கலையில் இருபது வருசமாக இந்த ரெண்டுக்கும் நடுவில் பெடல் மிதிக்கிறேன். உங்களில் தைக்கிறவர்களுக்கு என் படபடப்பு புரியும்.

மூன்றாவது வகை

பக்கத்துத் தெரு லீலா மைனி தன் மகள் ஷாமிலிக்குக் கல்யாணம் வைத்தார். வீட்டு ஜாக்கெட் அத்தனையும் என்னிடம். மணப்பெண்ணுடையது சொதப்பினால் அந்தக் குடும்பமே அடுத்த கடைக்குப் போய்விடும். ஷாமிலி வந்து, கம்ஃபியாக இருக்கணும் என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். லூசாகவா என்று கேட்டேன். "லூசுன்னா நைட்டி மாமி. இது கம்ஃபி."

சொல்லின் பூர்வீகம்

மறுநாள் சுடிதார் வாங்க வந்த இங்கிலீஷ் டீச்சரைப் பிடித்து உட்கார வைத்தேன். சௌகரியம் என்று அர்த்தமாம். கம்ஃபர்டபிள் என்ற நீளச் சொல்லை வெள்ளைக்காரர்கள் வீட்டுப் பேச்சில் செல்லமாகக் குறுக்கிக்கொண்டார்களாம். அதற்குத் தாய்ச் சொல் கம்ஃபர்ட். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆதியில் தெம்பு கொடுப்பது என்று பொருள், பிறகு ஆறுதல், கடைசியில்தான் சுகம். எல்லாம் சரி, ஒரு சொல்லை எப்படிக் குறுக்குவது என்றேன். "முழுக்கைய வெட்டி அரைக்கையாக்கி, நுனியில லேஸ் வைப்பியள்லா, அதுதான்."

தாயின் அளவு

அர்த்தம் தெரிந்தது, நிம்மதி போனது. ஷாமிலிக்கு நாடா வைத்து அளவெடுத்து அனுப்பினேன். அவள் தலை மறைந்ததும் மைனி வந்து, மகளின் காலேஜ் காலத்து ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்தார். இந்த அளவில் தைத்தால்தான் வீடியோவில் பெண் மெலிவாகத் தெரிவாளாம். பிள்ளை மூச்சு விட வேண்டாமா என்றேன். "மூச்செல்லாம் மறுவீட்டுக்குப் போய் விட்டுக்கிடட்டும்."

கல்யாணக் காலை

மைனியைப் பகைக்க முடியாது. பெண்ணை நெரிக்கவும் மனசில்லை. மகள் அளவுக்கு ஒரு தையல், அதற்கு உள்ளே தாய் தந்த அளவுக்கு எளிதில் பிரியும் இன்னொரு தையல் போட்டு, ஷாமிலியிடம் ரகசியத்தைச் சொல்லிவைத்தேன். கல்யாணத்தன்று காலையில் மைனியிடமிருந்து போன்: உடனே ஓடி வா. பிளேடோடு ஓடினேன். ஷாமிலி உள்தையலைப் பிரித்துவிட்டு, சிரித்தபடி பூ வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் மைனி, கொக்கி ஒன்றும் எட்டாமல், சுவரோடு சாய்ந்து நின்றார். தனக்கென்று அவர் தந்த அளவு ஜாக்கெட் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தைத்தது. நல்லவேளை, என் பயத்தில் எல்லாருக்கும் உள்ளே துணி விட்டே தைப்பேன். நான் பிரிக்கப் பிரிக்க, வாசலில் கேமராக்காரர் கூப்பிட, மகளிடமிருந்து ரகசியம் அறிந்திருந்த மைனி கெஞ்சினார்: "ஏட்டி, அவளுக்கு வச்ச கம்ஃபிய எனக்கும் வச்சுத் தாட்டி, உயிர் போகுது!"

அந்தச் சொல் லத்தீனில் பிறந்ததோ பிரெஞ்சில் வளர்ந்ததோ, தன் இன்றைய உடம்புக்குச் சரியான அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து தரும் பெண் எந்த ஊரிலும் இன்னும் பிறக்கவில்லை.